வரிசை நீளமா, நேரம் நீளமா?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகளின் பேச்சே மாறிவிடுகிறது. "இந்த முறையாவது கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவீங்களாப்பா?" என்ற கேள்வி காலையில் பசியாறும்போது தொடங்கி, இரவு படுக்கும்வரை ஓய்வதில்லை. ஒரு காலத்தில் ஈய லம்பமாக இருந்த நிலத்தில் 1993-இல் எழுந்தது சன்வே லகூன். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010-இல் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் திறக்கப்பட்டது. ஜொகூரில் 2012-இல் லெகோலேண்டும், கெந்திங் மலையில் 2022-இல் ஸ்கைவோர்ல்ட்ஸும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர்களெல்லாம் இப்போது மனப்பாடம்.

ஆனால் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் அங்கே போய்வர எவ்வளவு செலவாகும் என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். பேருந்துக் கட்டணம், நுழைவுச் சீட்டு, சாப்பாடு என்று பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடுகிறது. அந்த ஒரு நாளிலும் பாதியை நாம் வரிசையில் நின்றே கழிக்கிறோம். அப்படியானால் நாம் பணம் கொடுத்து வாங்குவது சவாரியை மட்டுமல்ல, அந்த நாளின் நேரத்தையும்தான். அதைச் சிந்தாமல் செலவழிப்பது எப்படி? ஒரு வரிசையில் சேருவதற்கு முன்பே, அதில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று கணிக்க முடியுமா? இதைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் எங்களுக்கே நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தில் பலர் சேர்ந்து பேருந்து பிடித்து ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். மாலை 5 மணிக்குப் பேருந்து புறப்பட்டுவிடும் என்று ஓட்டுநர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மணி மூன்றரை. பிள்ளைகளுக்கு இரண்டு சவாரிகள் பாக்கி. ஒன்று, வட்டமாகச் சுற்றும் சிறிய ஆகாய விமானம். மற்றொன்று, தண்ணீரில் போகும் படகு. எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. புறப்பட்ட நேரத்திலிருந்தே அவள் படகைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். படகுக்கு முன்னால் சுமார் 300 பேர் நின்றார்கள். விமானத்துக்கோ 100 பேர்தான் இருக்கும். "சின்ன வரிசையை முதலில் முடித்துவிடுவோம், பிறகு படகுக்குப் போகலாம்" என்று நாங்கள் முடிவு செய்தோம்.

அந்தச் சின்ன வரிசை நகரவே இல்லை. நாங்கள் விமானத்தைவிட்டு இறங்கும்போது மணி நான்கைத் தாண்டி இருந்தது. வானம் கறுத்து இடி இடிக்கத் தொடங்கியிருந்தது. படகுச் சவாரியை நிறுத்திவிட்டார்கள். மழை விட்டபோது பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வீடு திரும்பும்வரை மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதிருந்தால்கூட எங்கள் மனம் சற்று ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். விமானச் சவாரியில் எட்டு விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கைகள். ஆக 16 இடம். ஆனால் தனியாக ஏறும் பிள்ளைகளும் உண்டு என்பதால் ஒரு சுற்றில் ஏறியவர்கள் 12 பேர் அளவில்தான். இறங்குவது, ஏறுவது, இடைவார் மாட்டுவது, சுற்றுவது எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 4 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 3 பேர். 100 பேருக்கு ஏறத்தாழ 33 நிமிடம். படகோ நிமிடத்துக்கு ஒன்று புறப்பட்டது. ஒவ்வொன்றிலும் சராசரியாக 15 பேர். 300 பேருக்கு வெறும் 20 நிமிடம்தான்! படகில் முதலில் நின்றிருந்தால், நான்கு மணிக்கு முன்பே மகள் சிரித்துக்கொண்டு இறங்கியிருப்பாள். இடியைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்களை ஏமாற்றியது எங்கள் கண்தான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். வரிசை விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. வரிசையின் நீளம் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு.

இது நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிய செய்தியன்று. பால் நிறுவைக்கு வாளிகளோடு வரிசையில் நின்றவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். முன்னால் 40 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராணி சுறுசுறுப்பாக நிமிடத்துக்கு இரண்டு பேரின் பாலை நிறுத்துக் கணக்கெழுதினால் 20 நிமிடத்தில் நம் முறை வரும். நிமிடத்துக்கு ஒருவர் என்றால் 40 நிமிடம். வரிசை அதேதான், ஆட்களும் அதே 40 பேர்தான். மாறியது கிராணியின் கை வேகம். ஆகவே முன்னால் நிற்கும் முதுகுகளை மட்டும் பார்த்தால் போதாது, முனையில் வேலை நடக்கும் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

இதையே ஒரு சின்னக் கணக்காகச் சொல்லலாம். நமக்கு முன்னால் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் வருவதே காத்திருக்கும் நேரம். ஆரம்பப் பள்ளியில் படிக்கும் பிள்ளையே போட்டுவிடக்கூடிய வகுத்தல் கணக்கு இது.

தலைகளை எப்படி எண்ணுவது? பூங்காக்களில் வரிசை நேராகப் போவதில்லை. கம்பித் தடுப்புகளுக்கு இடையே பாம்புபோல் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு தலையாக எண்ணத் தேவையில்லை. ஒரு மடிப்பில் நிற்பவர்களை மட்டும் எண்ணுங்கள். 20 பேர் இருக்கிறார்களா? மொத்தம் ஆறு மடிப்பா? அப்படியானால் 120 பேர். ஐந்து பத்து கூடக் குறைய இருந்தாலும் பாதகமில்லை.

வேகத்தை எப்படி அளப்பது? ஒரு வண்டி புறப்படும்போது கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்த வண்டி புறப்படும்போது மீண்டும் பாருங்கள். இடையில் 2 நிமிடம் ஆகி, வண்டிக்கு 12 பேர் ஏறினால், நிமிடத்துக்கு 6 பேர். 120 பேருக்கு 20 நிமிடம். இங்கே இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒன்று, சவாரி ஓடும் நேரத்தை மட்டும் அளந்தால் கணக்குத் தப்பிவிடும். ஏறி இறங்கும் நேரமும் சேர வேண்டும். அதனால்தான் புறப்பாட்டிலிருந்து அடுத்த புறப்பாடுவரை அளக்கச் சொல்கிறோம். இரண்டு, இருக்கைகளை எண்ணாதீர்கள், ஏறியவர்களை எண்ணுங்கள். மூன்று பேராக வந்த குடும்பம் நால்வர் இருக்கையில் உட்கார்ந்தால் ஓர் இடம் காலியாகவே போகும்.

சில இடங்களில் ஏறும் வாசல் நம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது என்ன செய்வது? வரிசையில் நின்ற பிறகு, ஒரு மடிப்பைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மடிப்புக்கு 5 நிமிடம் ஆகி, இன்னும் ஆறு மடிப்பு பாக்கி இருந்தால், இன்னும் 30 நிமிடம். இதற்குத் தலைகளை எண்ணும் வேலையும் இல்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நிமிடத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு வண்டி நிறைய ஆட்களை ஏற்றிச் சென்றதும் வரிசை சட்டென்று நகரும், பிறகு அசையாமல் நிற்கும். ஒரு முழு மடிப்பைக் கடந்த பிறகுதான் உண்மை வேகம் தெரியும்.

இனி, கணக்கைக் குழப்பக்கூடியவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, விரைவுச் சீட்டு. கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் தனி வாசல் வைக்கும் முறை சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் உட்படப் பல பூங்காக்களில் உண்டு. அந்த வரிசையும் நம் வரிசையும் ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒன்றுசேரும். வண்டியில் 16 பேர் ஏறுகிறார்கள், அவர்களில் 6 பேர் விரைவுச் சீட்டுக்காரர்கள் என்றால், நம் வரிசையிலிருந்து போவது 10 பேர்தான். ஆகவே வண்டியில் ஏறியவர்களையெல்லாம் எண்ணாமல், நம் வரிசையிலிருந்து போனவர்களை மட்டும் எண்ண வேண்டும். அந்தச் சீட்டை வாங்க நம்மால் முடியாமல் போகலாம். அதனால் நம் வரிசை எவ்வளவு தாமதமாகும் என்பதையாவது நாம் தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

இரண்டாவது, ஒளிந்திருக்கும் வரிசை. வெளியே பத்துப் பேர்தான் நிற்பார்கள். உள்ளே நுழைந்தால் குளிரூட்டிய அறையில் இருநூறு பேர் இருப்பார்கள். வாசலில் நிற்கும் பணியாளரிடம், "உள்ளே எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பதில் சொல்வதும் அவர்களுடைய வேலைதான்.

மூன்றாவது, அறிவிப்புப் பலகை. பல சவாரிகளின் வாசலில், "இங்கிருந்து இத்தனை நிமிடம்" என்று எழுதியிருக்கும். இப்போது கைப்பேசியிலும் காட்டுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் நுழையும் ஒருவரிடம் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுப்பார்கள். அவர் சவாரியில் ஏறும் இடத்தில் அதைத் திருப்பிக் கொடுப்பார். இடையில் ஆன நேரமே அவர் காத்திருந்த நேரம். நல்ல முறைதான். ஆனால் சற்று யோசியுங்கள். அது அரைமணி நேரத்துக்கு முன் நுழைந்தவரின் கதை. அதன் பிறகு நான்கு பேருந்து நிறைய மக்கள் வந்து சேர்ந்திருந்தால், அந்த அட்டைக்கு அது தெரியாது. இன்னொன்றும் உண்டு. 40 நிமிடம் என்று போட்டு 30 நிமிடத்தில் ஏறினால் மக்கள் மகிழ்கிறார்கள், 30 என்று போட்டு 40 ஆனால் கோபப்படுகிறார்கள். ஆகவே சற்றுக் கூட்டிப் போடுவதும் நடக்கிறது. பலகையை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கணக்கு இரண்டாவது சாட்சியாக இருக்கட்டும்.

சவாரியின் அமைப்பைப் பார்த்தே வேகத்தை ஊகிக்கவும் முடியும். கலிபோர்னியாவில் 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டை எடுத்துக்கொள்வோம். அங்கே டம்போ என்ற பறக்கும் யானைச் சவாரி இருக்கிறது. மொத்தம் 16 யானைகள். யானைக்கு இருவர் என்றாலும் ஒரு சுற்றுக்கு 32 பேர்தான். எல்லாரும் இறங்கி, எல்லாரும் ஏறிய பிறகுதான் அடுத்த சுற்று. அதே பூங்காவில் 1969-இல் திறக்கப்பட்ட பேய் மாளிகைச் சவாரியில் 131 சிறு வண்டிகள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அவை பொதுவாக நிற்பதில்லை. நகரும் நடைபாதையில் நடந்தபடியே மக்கள் ஏறிக்கொள்வார்கள். இப்படி ஒரு மணி நேரத்தில் 2,000 பேருக்கு மேல் ஏற்றிவிட முடிகிறது. யானைச் சவாரியால் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. நம் பக்கத்துப் பூங்காக்களுக்கும் இதே நியாயம்தான். நின்று, இறக்கி, ஏற்றிச் சுற்றும் ராட்டினங்களில் சிறிய வரிசையும் பெரிய காத்திருப்பு ஆகலாம். ஓயாமல் வந்துகொண்டிருக்கும் படகுகளிலும் தொடர்வண்டிகளிலும் பெரிய வரிசையும் விரைவாகக் கரையலாம்.

வரிசையைப் பற்றி அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகனில் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்பதை ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதத்துக்கு அது ஒரு தொடக்கம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் ஒரு விதியை நிறுவினார். வரிசையில் இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வந்து சேரும் வேகத்தைக் காத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதாகும் என்பதே அது. நாம் பால் நிறுவையில் போட்ட கணக்குக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

இந்த அறிவு, எந்த நேரத்தில் எங்கே போவது என்பதற்கும் உதவுகிறது. ஒரு சவாரியில் நிமிடத்துக்கு 10 பேர் ஏறுகிறார்கள், ஆனால் 12 பேர் வந்து சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். அற்பமாகத் தோன்றும். ஒரு மணி நேரத்தில் மிஞ்சியவர்கள் 120 பேர்! அடுத்து வருபவர் 12 நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டும். மூன்று மணி நேரம் இப்படியே போனால் 36 நிமிடம். வரிசை என்பது காலையிலிருந்து சிறுகச் சிறுகச் சேரும் கடன்போல. ஆகவே வாசல் திறக்கும்போதே போய்ச் சேருங்கள். எல்லாரும் முதலில் கண்ணில் படும் சவாரியில் மொய்ப்பார்கள். நீங்கள் பூங்காவின் கோடிக்குப் போய், பிள்ளைகள் மிகவும் விரும்பும் சவாரியை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பொதுவாக நடுப்பகலில்தான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கட்டுச்சோறு சாப்பிடலாம், நிழலில் ஓய்வெடுக்கலாம். உணவை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் வெட்டினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், மக்கள் எல்லாரும் கூரையுள்ள சவாரிகளுக்கு ஓடுவார்கள். எனவே வெளியில் உள்ளவற்றை முற்பகலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு முக்கியமான செய்தி. வரிசையில் சேரும் முன் பிள்ளையின் உயரத்தைப் பாருங்கள். பல சவாரிகளுக்கு இத்தனை சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. வாசலில் உயரக்கோல் வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் நின்ற பிறகு, இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அந்த மனம் என்ன பாடுபடும்! அந்த விதி பாதுகாப்புக்காக உள்ளது. பணியாளரோடு வாதாடிப் பயனில்லை. கழிவறைக்குப் போய்வருவதையும் வரிசையில் நிற்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்ட பிறகு முடிவெடுப்பது எப்படி? நேரம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். "இந்தச் சவாரி இந்த நேரத்துக்குத் தகுமா?" என்று பிள்ளைகளையே கேளுங்கள். பேருந்து புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வாசலுக்கு நடந்துவர 20 நிமிடம், எதிர்பாராத தாமதத்துக்கு 15 நிமிடம் என்று ஒதுக்கிவிட்டு, மீதியைப் பங்கிடுங்கள். சவாரி பழுதாகி நின்றால் நம் கணக்கு தவறத்தான் செய்யும். அப்போது, "இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே" என்ற எண்ணம் நம்மைக் கட்டிப்போடக் கூடாது. நின்ற நேரம் போனதுதான். இனி நிற்க வேண்டிய நேரம் எவ்வளவு என்பதே கேள்வி.

நேரம் தெரிந்து நிற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. காத்திருப்பவர்களின் மனநிலையைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் எழுதியபோது, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பது, தெரிந்து காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும் என்றும், சும்மா நிற்கும் நேரம் வேலையோடு நிற்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்றும் குறிப்பிட்டார். பிள்ளைகளிடமே கணக்கை ஒப்படைத்துவிட்டால் இரண்டு குறையும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவர்கள் நம்மை நச்சரிப்பதில்லை. நாம்தான் அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும்.

இது பூங்காவோடு நின்றுவிடும் பாடமன்று. மருந்தகத்தில் எண் வாங்கிக்கொண்டு உட்காரும்போதும், சம்பளத்தன்று வங்கி இயந்திரத்தின் முன் நிற்கும்போதும், அஞ்சலகத்திலும் இதே வகுத்தல்தான் துணை செய்யும்.

எங்கள் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். மறு ஆண்டு விடுமுறையில் அதே பூங்காவுக்கு மீண்டும் போனோம். இந்த முறை காலையிலேயே படகுக்குத்தான் போனோம். மகள் கையில் என்னுடைய பழைய கடிகாரம். மடிப்புகளை எண்ணினாள், படகுகளைப் பார்த்தாள், விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "இருபத்தைந்து நிமிஷம்ப்பா" என்றாள். நாங்கள் படகில் ஏறியபோது 28 நிமிடம் ஆகியிருந்தது. "மூணு நிமிஷம் தப்பு" என்று அவள் வருத்தப்பட்டாள். எங்களுக்கோ, அவளுடைய அந்தக் கணக்கே படகுச் சவாரியைவிட இனித்தது.

அடுத்த விடுமுறைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையிலும் ஒரு கடிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.